வன்னியில் சாட்சியம் படமாக்குவோர் விடும் பிழைகள்

படம் எடுப்பவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கதைத்த தாய் முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ அதே ஒழுங்கையில்தான் இருக்கப்போகிறார். பிறகு அவர் வீட்டுக்குப் புலனாய்வாளர் வந்துபோவது இங்கே புதினமில்லை. 2009இல் முடிந்த போரில் நடந்த இனவழிப்பை உலகுக்குக் காட்டவென்று எடுக்கப்படும் படங்களில் நேரும் பிழைகளில் அரைவாசி இதை மறப்பதால் வருபவை.

ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் வாங்காதீர்கள். பதிவுசெய்யலாமா, வெளிநாட்டு மண்டபத்தில் காட்டலாமா, இணையத்தில் போடலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். யூடியூப்பில் ஏறியதைத் திரும்ப முழுதாக அழிக்க முடியாது என்பதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். முதற் சந்திப்புக்குக் கமரா வேண்டாம். தொகுத்த படத்தை அவருக்குப் போட்டுக் காட்டி, வேண்டாம் என்று அவர் சொல்லும் பகுதியை எடுத்துவிடுங்கள், படத்தின் உச்சமே அதுவென்றாலும்.

முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஊரார் ஆளை முகத்தால் மட்டுமா அறிவார்கள்? குரல், கிணற்றுக்கட்டு, வாசற்படலை, சுவரில் மாலை போட்ட படம், முற்றத்து மோட்டார் சைக்கிளின் இலக்கம் எல்லாமே காட்டிக்கொடுக்கும். அதோடு, மங்கலாக்குவது தொகுப்பில்தான் நடக்கிறது. மெமரி காட் வழியில் பறிபோனால் அதில் முகம் அப்படியே இருக்கும். நிழலுருவிலும் வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் தெரியக்கூடும். மறைக்க வேண்டிய முகத்தைப் பதிவே செய்யாமல் கைகளை மட்டும் படமெடுங்கள். குரலின் சுருதியை மாற்றினாலும் பழையபடி திருப்பிவிடலாம்; அதே சொற்களை இன்னொருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயிடம் "மகன் எப்படிப்பட்டவராக இருந்தார்?" என்று கேட்டால், அவர் ஏற்காத மரணத்தை நீங்கள் அறிவித்துவிடுகிறீர்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் போராட்டத்தில் அமர்ந்தது பிள்ளை எங்கே என்று கேட்டுத்தான். அழுதால் கமராவை நிறுத்துங்கள். தொடர்வதா என்பதை அவர் சொல்லட்டும்.

திகதி கேட்டு நெருக்கினால் சாட்சியம் குழம்பும். சனம் போரின் கடைசிக் காலத்தை இடப்பெயர்வின் வரிசையில்தான் நினைவில் வைத்திருக்கிறது: விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். வரைபடத்தை விரித்து இடம் இடமாகக் கேளுங்கள். 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் எறிகணை விழுந்ததற்கு முன்னரா பின்னரா என்று கேட்டால் திகதி நெருங்கிவரும். அரசு ஜனவரி, பெப்ரவரி, மே என மூன்று முறை பாதுகாப்பு வலயம் அறிவித்தது. எந்த வலயம் என்று சொல்லாத காட்சி சாட்சியமாக நிற்காது.

எண்களையும் கலக்காதீர்கள். 2011 ஐ.நா. நிபுணர் குழு கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. 2012 ஐ.நா. உள்ளக மீளாய்வு 70,000க்கு மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்றது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகக் கணக்குகளை வைத்துக் கேட்டது கணக்கில் வராத 1,46,679 பேரைப் பற்றி. கொல்லப்பட்டோரும் கணக்கில் வராதோரும் ஒன்றல்ல. யார் சொன்ன எண் என்பதைத் திரையிலேயே எழுதுங்கள்.

உடல்களை மட்டும் காட்டும் படம் கொடூரத்தைக் காட்டும், இனவழிப்பை நிறுவாது. 1948 ஐ.நா. இனவழிப்புச் சாசனம் அழிக்கும் நோக்கத்தைக் கேட்கிறது. ஆகவே முடிவெடுத்த இடத்தைத் தேடுங்கள். 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் சுமார் 70,000 பேர்தான் என்றது அரசு. போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தோரே 2,80,000க்கு மேல். உணவும் மருந்தும் எந்தக் கணக்கில் அனுப்பப்பட்டன என்ற கேள்வி பத்துப் பிணக்காட்சிகளைவிடக் கனமானது.

பழைய காணொளியை வட்ஸ்அப்பில் அனுப்பச்சொன்னால் தரம் குறையும், எடுத்த நேரம் போன்ற உட்தகவலும் அழியும். போனிலிருந்தே நேரடியாகப் பிரதி எடுங்கள், கோப்பின் பெயரை மாற்றாதீர்கள், கோப்பு பிறகு மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும் எஸ்எச்ஏ-256 குறியீட்டைக் குறித்துவையுங்கள். மூன்று பிரதிகளில் ஒன்று நாட்டுக்கு வெளியே இருக்கட்டும். வேறு நாட்டுப் போர்க்காட்சி ஒன்று தவறி நுழைந்தாலும் மறுப்போர் முழுப்படத்தையும் பொய்யென்பார்கள்.

மே நடுப்பகுதியில் நேர்காணல் வைக்காதீர்கள்; மே 18 நினைவுநாளையொட்டித் துக்கமும் கண்காணிப்பும் அப்போதுதான் அதிகம். சோளகம் வீசும் மாதங்களில் மைக்குக்குக் காற்றுறை போடுங்கள். மாரியில் தகரக்கூரைக்குக் கீழே ஒலி தேறாது.

சனசமூக நிலையத்தில் திரையிடும்போது சிறுவர்களை முதலிலேயே அனுப்பிவிடுங்கள். அடையாளம் காணக்கூடிய உடல் படத்தில் இருந்தால், அந்தக் குடும்பத்திடம் முன்கூட்டியே தனியாகப் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால் அந்தக் காட்சியை வெட்டிவிட்டே திரையிடுங்கள்.