கேட்டுவிட்டுக் காணாமல் போகாதீர்கள்: மக்களோடு சேர்ந்து தெரு வடிவமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தெருவை நடப்பவர்களுக்கு ஏற்றபடி மாற்றுகிற வேலை. நடத்தியவர்கள் எல்லோரும் இளைஞர்கள். சார்ட், ஸ்டிக்கர், கலர் பேனா என்று நன்றாகத் தயாராகி வந்திருந்தார்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது ஒரு பெரியவர் வாசலில் நின்று, "அடுத்து எப்ப வருவீங்க?" என்று கேட்டார். "தகவல் சொல்றோம் சார்" என்றார் அந்தக் குழுவில் ஒருவர்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதனால் என்ன ஆனது என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன்.

அறிவிப்பைச் சின்ன எழுத்தில் அச்சடிப்பது, நாற்காலி போதாமல் போவது போன்றவை ஒருமுறை பட்டால் தானாகவே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பட்ட பிறகும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள்தான் இங்கே.

வந்தவர்களையே ஊர் என்று நினைப்பது

மாலை ஆறரை மணிக் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? சொந்த வீடு உள்ளவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கார் நிறுத்தும் இடம் போய்விடுமோ என்ற கவலையில் இருப்பவர்கள். வாடகைக்கு இருப்பவர் வரமாட்டார், எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்று இருப்பார். ஷிப்ட் வேலைக்காரர் வரமுடியாது. கைக்குழந்தை வைத்திருப்பவர் வந்தாலும் பாதியில் எழுந்து போய்விடுவார். தெருவிலேயே தள்ளுவண்டி வைத்துப் பிழைப்பவருக்கோ, நாலு காசு பார்க்கிற நேரமே அதுதான். அந்தத் தெருவில் ஒரு நாளில் அதிக நேரம் நிற்கிறவர் அவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நடைபாதையின் அகலத்தை முடிவு செய்துவிடுகிறோம்.

வியன்னாவில் 1990களில், பூங்காக்களை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். ஒன்பது வயதைத் தாண்டிய சிறுமிகள் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைந்துவிடுவது தெரிந்தது. பையன்கள் விஷயத்தில் அப்படி இல்லை. நடுவில் ஒரே பெரிய ஆடுகளம் இருந்தால் பையன்கள் பிடித்துக்கொள்வார்கள். சிறுமிகள் இடத்துக்காக மல்லுக்கு நிற்காமல் ஒதுங்கிவிடுவார்கள். 1999-இல் இரண்டு பூங்காக்களில் திறந்தவெளியைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதைகளைச் சேர்த்தார்கள். சிறுமிகள் மறுபடி வர ஆரம்பித்தார்கள். பூங்காவில் அன்றைக்கு இருந்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டிருந்தால் இந்தக் குறையே தெரிந்திருக்காது.

நான் இப்போது கூட்டத்துக்கு முன்பே மூன்று வேளை தெருவில் நிற்கிறேன்: பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம், உச்சி வெயில், இரவு ஒன்பது மணி. மூன்று வேளையும் ஆட்கள் வேறு வேறு.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஆரம்பிப்பது

இப்படிக் கேட்டால் எந்தத் தெருவிலும் பதில் ஒன்றுதான்: வேகத்தடை, கேமரா, விளக்கு. வேறு தெருவில் பார்த்த பொருளைத்தான் யாரும் கேட்க முடியும். அது அவர்கள் குற்றமும் இல்லை. கேள்விதான் தப்பு.

அவர்களுடைய அன்றாடத்தைக் கேளுங்கள். எந்த இடத்தில் தெருவைக் கடக்கிறீர்கள்? யாரையாவது பார்த்தால் எங்கே நின்று பேசுவீர்கள்? பிள்ளையை எதுவரைக்கும் தனியாக அனுப்புவீர்கள்?

சான் பிரான்சிஸ்கோவில் 1960களின் கடைசியில் நகர வடிவமைப்புப் பேராசிரியர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் இப்படித்தான் கேட்டார். பக்கத்துப் பக்கத்தில் மூன்று தெருக்கள். ஒன்றில் நாளைக்கு ஏறக்குறைய 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. "இதில் எதுவரைக்கும் உங்கள் வீடு மாதிரி நினைக்கிறீர்கள்?" என்று வரைபடத்தில் குறிக்கச் சொன்னார். வண்டி குறைந்த தெருவில் இருந்தவர்கள் தெரு முழுவதையும் வளைத்துக் கோடு போட்டார்கள். வண்டி நிறைந்த தெருவில் இருந்தவர்களின் கோடு அவரவர் கட்டடத்தைத் தாண்டவில்லை. முதல் தெருக்காரர்களுக்கு அதே தெருவில் இருந்த நண்பர்களின் எண்ணிக்கை, கடைசித் தெருக்காரர்களைவிட மூன்று மடங்கு. "போக்குவரத்தைக் குறைக்கலாமா?" என்று நேராகக் கேட்டிருந்தால் ஆம், இல்லை என்ற பதிலோடு முடிந்திருக்கும்.

நான் வேலை செய்த ஒரு தெருவில் ஏழெட்டு அம்மாக்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமலே, ஒரே மின்கம்பத்தைச் சொன்னார்கள். "அந்தக் கம்பத்துக்கு அங்கிட்டு விடமாட்டேன்." போய்ப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தோம். நிறுத்தி வைத்திருந்த வண்டிகளின் வரிசை திருப்பத்தை முழுசாக மறைத்தது. நின்றபடி பார்த்த எங்கள் கண்ணுக்கு அந்தத் திருப்பம் நன்றாகவே தெரிந்திருந்தது. இரண்டு வண்டி நிறுத்துகிற இடத்தை எடுத்ததோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

முதல் கூட்டத்துக்கே கணினிப் படத்தோடு போவது

மரம், நிழல், சிரிக்கிற குடும்பம் எல்லாம் அச்சு அசலாக இருக்கிற படத்தைப் பார்த்ததும், "எல்லாம் முடிச்சிட்டீங்க போல" என்று ஜனங்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பிரிட்டனில் 1970களில் டோனி கிப்சன் அட்டையில் பகுதியின் மாதிரி செய்து, அதன்மேல் சின்னச் சின்ன அட்டைகளை மக்களே வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். பேசக் கூச்சப்படுகிறவர்களும் கையால் சொல்லிவிடுவார்கள். யார் எதை வைத்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. பிசிறடித்த அட்டை மாதிரி என்றால் பிய்த்து மாற்ற யாருக்கும் தயக்கம் வராது.

மேடையும் மைக்கும்

வேண்டாம். எட்டு எட்டுப் பேராக வட்டமாக உட்காருங்கள்.

கேட்டுவிட்டுக் காணாமல் போவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

அறுநூறு மீட்டர் நீளமுள்ள குடியிருப்புத் தெரு. இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு மூன்று மீட்டர் நீள வரைபடத்தை விரித்தோம். வீட்டுக்கு மூன்று பச்சைப் பொட்டு. மரம் எங்கே வேண்டுமோ அங்கே ஒட்டலாம். கூட்டம் அலைமோதியது. ஒரு வயதான அம்மா, கை நடுக்கத்தில் பொட்டை உரிக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். உரித்துக் கொடுத்தேன். தன் வீட்டு வாசலுக்கு நேரே ஒட்டிவிட்டு, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். "இங்க நிழல் இருந்தா இவர் வெளிய வந்து உட்காருவாரு தம்பி" என்றார். அவர் கணவர் பக்கவாதத்தில் நடமாட முடியாமல் இருந்தார். பொட்டு மூன்றையும் அதே இடத்தில்தான் ஒட்டினார்.

அப்புறம் சோதனைக் குழி தோண்டினார்கள். அந்தப் பக்க நடைபாதைக்குக் கீழே குடிநீர்க் குழாயும் மின் கேபிளும் நெருக்கமாக ஓடின. மரம் வைக்க வழியில்லை. மரங்களை எல்லாம் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றி வரைந்தோம். பொறியியல்படி சரியான முடிவு, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். ஆனால் தெருவுக்குப் போய் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒப்புதல், மதிப்பீடு, டெண்டர் என்று பதினொரு மாதம் ஓடியது. எல்லாம் உறுதியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். உண்மையில், கெட்ட செய்தியோடு போய் நிற்கத் தைரியம் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் குழி தோண்ட ஆரம்பித்த அன்று அந்த அம்மா வாசலுக்கு வந்தார். "நான் ஒட்டுன பொட்டு எங்க போச்சு?" கேபிள், குழாய் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சரி தம்பி. அதை அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு கொடிப் பந்தலாவது கேட்டிருப்பமே" என்றார்.

கொடிப் பந்தல். நான்கு கம்பம், ஆழமில்லாத அஸ்திவாரம், கேபிளைத் தொடாமல் போட்டிருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றக்கூடியவரிடம் நாங்கள் போகவில்லை. அதற்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகி, வாசலுக்கு முன்னால் எதுவும் சேர்க்க முடியாத நிலை.

அந்த வாரமே வேலையை மறித்தார்கள். "எங்களைக் கேட்கவே இல்லை" என்று மனு எழுதினார்கள். எழுதியவர்களில் பலர் எங்கள் மூன்று கூட்டத்துக்கும் வந்தவர்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் கையெழுத்து இருந்தது. அதை எடுத்துக் காட்டி, "இதோ, வந்திருக்கிறீர்களே" என்று பதில் எழுதினோம். என் வேலையில் நான் மிகவும் வெட்கப்படுவது அந்தக் கடிதத்துக்குத்தான். நம்பி வந்து போட்ட கையெழுத்தை அவர்களுக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டோம். வேலை நான்கு மாதம் நின்றது. அடுத்த இரண்டு தெருக்காரர்கள் எங்களை உள்ளேயே விடவில்லை. செய்தி அவர்களுக்கு முன்பே போயிருந்தது.

அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக வகுத்தார். அதில் கருத்துக் கேட்பது நான்காவது படி. அதைப் பெயருக்குச் செய்கிற பங்கேற்பு என்ற பிரிவில்தான் வைத்தார். சொன்ன கருத்து கணக்கில் எடுக்கப்படும் என்பதற்கு அந்தப் படியில் உத்தரவாதம் எதுவும் இல்லை என்பதுதான் காரணம். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை நாங்கள் அறிக்கையில் பெருமையாகப் போட்டிருந்தோம். அந்த அம்மாவின் பொட்டு அந்தக் கணக்கில் ஒன்று.

இப்போது நான் செய்வது இது. பொட்டை நீட்டுவதற்கு முன்பே சோதனைக் குழி தோண்டச் சொல்கிறேன். மரம் வைக்க முடியாத இடத்தில் வரைபடத்திலேயே சிவப்புக் கோடு. முதல் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில், எது மாறாது, எது மாறலாம், எது முழுக்க அவர்கள் முடிவு என்று மூன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்குள் மூன்று பத்தி போட்ட ஒரு பெரிய தாள் தெருவில் ஒட்டப்படும்: நீங்கள் சொன்னது, நாங்கள் செய்தது, செய்யாததற்குக் காரணம். பிறகு மாதம் ஒருமுறை தேதி போட்டு ஒரு வரி. "இந்த மாதம் எதுவும் நகரவில்லை, கோப்பு கையெழுத்துக்குக் காத்திருக்கிறது" என்பதும் ஒரு தகவல்தான். அதைப் படித்துவிட்டுத் திட்டியவர்கள் உண்டு. வேலையை மறித்தவர்கள் இதுவரை இல்லை.

இதற்கு ஆளும் பணமும் வேண்டும். கருத்துக் கேட்புக்கான தொகை அறிக்கை கொடுத்ததோடு தீர்ந்துவிடுகிறது. காணாமல் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஒப்பந்தம் எழுதும்போதே, கட்டுமானம் முடியும்வரை ஒருவருடைய நேரத்துக்குத் தொகை ஒதுக்கச் சொல்லுங்கள். கேட்க அதைவிட நல்ல நேரம் வராது.

முன்பே எண்ணாமல் தற்காலிக மாற்றம் செய்வது

நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009 மே மாதம் பிராட்வே சாலையில் வண்டிகள் போகாமல் தடுத்து, மலிவான மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். அடுத்த வருடம் அதை நிரந்தரமாக்க முடிந்ததற்குக் காரணம், முன்பும் பின்பும் எடுத்திருந்த கணக்கு. நடப்பவர்கள் காயமடைவது 35 சதவீதம் குறைந்திருந்தது. முன்கணக்கு இல்லாவிட்டால், மாற்றம் முடிந்ததும் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதே முடிவாகிவிடும்.

சொல்லாமல் செய்வது இன்னும் மோசம். பார்சிலோனாவின் போப்லெனோ பகுதியில் 2016 செப்டம்பரில் பல தெருக்களின் போக்குவரத்தை ஒரேயடியாக மாற்றினார்கள். தங்களிடம் கலந்து பேசவில்லை என்று குடியிருப்பவர்களில் ஒரு பகுதியினர் போராட்டத்தில் இறங்கினார்கள். நல்ல திட்டம்தான், இன்றும் நிலைத்திருக்கிறது. முதல் சில மாதங்களின் கசப்பைத் தவிர்த்திருக்கலாம்.

பார்வையற்றவர்களைக் கடைசியில் அழைப்பது

வரைந்து முடித்த பிறகு "ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்" என்று அழைக்கிறார்கள். அதற்குள் தெருவும் நடைபாதையும் ஒரே மட்டமாகியிருக்கும். நமக்கு அது அழகு. வெள்ளைக் கோலோடு நடப்பவருக்கு ஓரக்கல்தான் எல்லை. அதன் உயரம் 60 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நம்பிக்கையாகக் கண்டுபிடிக்க முடியாது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் 2009-இல் சோதித்துச் சொன்னது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கோ, கடக்கிற இடத்தில் மட்டம் தேவை. இரண்டு பேரையும் ஒரே நாளில், ஒரே மேசைக்கு, மாதிரிக் கல்லோடு அழையுங்கள்.

யார் பெருக்குவார்கள்?

வரைவதற்கு முன்னால் கேளுங்கள். பெருக்குகிறவரிடமே கேளுங்கள்.

திறப்பு விழாவோடு நிறுத்திவிடுவது

மூன்று மாதம் கழித்து மழை பெய்த மறுநாள் ஒருமுறை போங்கள், இரவில் ஒருமுறை போங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்த பெஞ்சில் யாருமே உட்காரவில்லை, ஜனங்கள் எந்தச் செடிவரிசையை மிதித்துக் குறுக்கு வழி போட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அதே மூன்று பத்தித் தாளைத் தெருவில் இன்னொரு முறை ஒட்டிவிட்டு வாருங்கள்.