வலைப்பந்து வீடியோ செய்யப்போகும் பிள்ளைகளுக்கு: முதலில் கால்களைப் படமெடுங்கள்

பாடசாலை விளையாட்டைப் பற்றி வீடியோ செய்யுங்கள் என்றால் பிள்ளைகள் முதலில் தேடுவது பாட்டைத்தான். பந்து வளையத்துக்குள் விழும், எல்லோரும் துள்ளுவார்கள், சினிமாப் பாட்டு அதிரும். பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் தரம் 6 பிள்ளை அதைப் பார்த்து ஒரு விதியையும் படிக்காது. நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வலைப்பந்து பழக்கும் ரீச்சர். புதிதாக வருகிறவர்களுக்கு விளையாட்டைச் சொல்லிக்கொடுக்க எங்கள் மூத்த மாணவிகள் போனில் வீடியோ செய்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு வீடியோவுக்கு ஒரு விதி போதும். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், கால் விதியிலிருந்து. புன்னாலைக்கட்டுவனில் இருந்து போய் இலங்கைக்கு வலைப்பந்து ஆடிய, நல்ல உயரமான தர்ஜினி சிவலிங்கத்தை இங்கே தெரியாத பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, உயரம் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் புதியவர்களுக்கு நடுவர் அடிக்கும் விசிலில் பாதி காலுக்காகத்தான்.

விதி இதுதான். பந்தைப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கினால் அதுவே ஊன்று கால். மற்றக் காலை எத்தனை தரமும் எடுத்து வைக்கலாம், ஊன்று காலில் சுழலலாம். ஊன்று காலைத் தூக்கவும் செய்யலாம். ஆனால் அது திரும்ப நிலத்தில் படமுதல் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இரண்டு காலும் ஒன்றாக இறங்கினால் எது ஊன்று கால் என்பது ஆடுபவரின் விருப்பம். வாயால் சொன்னால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். ஸ்லோ மோஷனில் ஒரு தரம் காட்டினால் விளங்கிவிடும்.

இல்லப் போட்டிக்கு வாங்கிய ரிபன் எங்கேயாவது மிச்சம் கிடக்கும். அதில் ஒரு துண்டை ஊன்று காலில் கட்டுங்கள். போனை நிலத்தோடு நிலமாக, ஒரு சீமெந்துக் கல்லில் சாத்தி, பக்கவாட்டில் மூன்று நான்கு மீற்றர் தள்ளி வையுங்கள். முகம் தெரியத் தேவையில்லை. முழங்காலுக்குக் கீழே தெரிந்தால் போதும். சூரியன் போனுக்குப் பின்னால் இருக்கட்டும். மத்தியான வெயிலில் எடுத்தால் மணல் வெள்ளையாகிக் காலே தெரியாது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடுங்கள். ஒரே பிள்ளையை ஒரு தரம் சரியாகவும் ஒரு தரம் பிழையாகவும் செய்யவிட்டு எடுங்கள். அப்புறம் எடிட் செய்யும்போது, தூக்கிய கால் மண்ணைத் தொடுகிற இடத்தில் படத்தை நிறுத்தி ஒரு வட்டம் போட்டால் சரி. வேறு அலங்காரம் வேண்டாம்.

மூன்று செக்கன் விதிக்கு மட்டும் ஸ்லோ மோஷனைத் தொடாதீர்கள். பந்தை மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பதைச் சாதாரண வேகத்தில், திரையில் 1, 2, 3 ஓடவிட்டுக் காட்டுங்கள். அணியின் ஏழு பேரும் எங்கெங்கே போகலாம் என்பதற்கு மேல்மாடி விறாந்தைதான் நல்ல இடம். அங்கிருந்து எடுத்தால் முழு மைதானமும் மூன்று பகுதியாகத் தெரியும். பந்து வைத்திருப்பவரிடமிருந்து மறிப்பவர் தள்ளி நிற்க வேண்டிய 0.9 மீற்றர் தூரத்துக்கு ஒரு தடியை அந்த அளவுக்கு வெட்டி, இருவரின் காலுக்கும் இடையில் வைத்துக் காட்டுங்கள்.

குரலை மைதானத்தில் பதிய வேண்டாம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது. ஜன்னலைச் சாத்திய வகுப்பறையில் பிறகு பதியுங்கள். தங்கச்சிக்குச் சொல்வது போலக் கதையுங்கள். விளையாட்டுப் போட்டி அறிவிப்பாளரின் குரல் வந்ததோ, அழித்துவிட்டு மறுபடி பதியுங்கள். (அந்தக் குரல் நம் ஊரில் எல்லோருக்கும் எப்படித்தான் வருகிறதோ!)

படத்தில் வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ரிக்ரொக்கில் போடுவதற்கு நான் சம்மதிப்பதில்லை. பெண்பிள்ளைகள் விளையாட்டு உடையில் நிற்கும் வீடியோவுக்குக் கீழே என்னென்ன எழுதுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வகுப்பு வட்ஸ்அப் குழு போதும். டேட்டா கார்ட் போட்டுப் பார்க்கிற வீடுகள்தான் கூட, ஆகவே ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள்; 720பி தரம் தாராளம்.

காட்டும்போது நடுவரின் விசில் வருமுன் வீடியோவை நிறுத்தி, “சரியா, பிழையா?” என்று கேளுங்கள். சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பார்கள், பிடிக்கட்டும். யார் சொன்னது சரி என்று பார்க்க இன்னொரு தரம் போடுங்கள். அதே சூட்டோடு பந்தைக் கையில் கொடுத்து மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் சுற்றில் விசில் அவர்களிடமே இருக்கட்டும்.