குறும்படத்துக்குப் பாட்டு: யாரிடம், எப்படிக் கேட்பது?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கலியாணமும் தேர்த் திருவிழாவும் வீடியோ எடுப்பது என் தொழில். குறும்படம் எடுக்கிற தம்பிமார் எடிட்டிங்குக்கு வரும்போதே சினிமாப் பாட்டு ஒன்றை உள்ளே போட்டுக்கொண்டு வருவார்கள். "பத்து செக்கன்தானே அண்ணே" என்பார்கள். பத்து செக்கனுக்கென்று சலுகை எதுவும் இலங்கைச் சட்டத்தில் இல்லை. இசையமைப்பாளருக்கு நன்றி என்று கடைசியில் போட்டாலும் அது அனுமதி ஆகாது.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். நண்பரை வைத்துப் புதிதாகப் பாடிப் பதிந்தால் ஒலிப்பதிவுச் சிக்கல் தீரும், வரிக்கும் மெட்டுக்கும் அனுமதி வாங்கும் வேலை அப்படியே நிற்கும். பழைய பாட்டு என்பதும் செல்லாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை உண்டு.

இந்தியப் படப் பாட்டென்றால் முதலில் கேட்க வேண்டியது இசை நிறுவனத்தை. எச்.எம்.வி. இசைத்தட்டில் வந்த பழைய பாட்டுக்குச் சரிகம நிறுவனம். "பாட்டைப் பாவிக்கலாமா?" என்று ஒற்றை வரியில் கேட்டால் பதில் வருவது சந்தேகம். இப்படி எழுதுங்கள்: "12 நிமிடக் குறும்படம். பாட்டின் முதல் சரணம், 40 செக்கன், பின்னணியில் வரும். யூடியூபிலும் இரண்டு திரைப்பட விழாவிலும் காட்டுவோம். விளம்பர வருமானம் இல்லை. ஐந்து வருடத்துக்கு, எல்லா நாட்டுக்கும் அனுமதி வேண்டும். கட்டணம் எவ்வளவு?" பதில் வரும்வரை அந்தப் பாட்டை நம்பிக் காட்சியை வெட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால், அந்தக் கட்டணச் சல்லியை நம்ம ஊர்ப் பையன் ஒருவனுக்குக் கொடுத்து மெட்டுப் போடச் சொல்வதே நல்லது. எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், வாசித்தவர் எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள், ஒரே தாளில் வேலை முடியும். ஆனால் தாள் வேண்டும். நம் சட்டப்படி உரிமம் எழுத்தில், இரு தரப்பும் கையொப்பமிட்டு இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஓகே மச்சான்" என்று வந்ததை நம்பிப் படத்தை வெளியிடாதீர்கள். படத்தின் பெயர், பாட்டின் பெயர், எங்கெங்கே, எவ்வளவு காலம், எவ்வளவு பணம்: இவ்வளவும் எழுதினால் போதும்.

மலையகத்துக் காமன் கூத்துப் பாட்டு, தப்பு மேளம் அடிக்கும் தப்படி எல்லாம் பொதுச்சொத்து என்று சிலர் நினைக்கிறார்கள். நாட்டார் கலையை வணிகத்துக்குப் பயன்படுத்துவது பற்றி அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு தனியாகப் பேசுகிறது. அதோடு, நீங்கள் பதிவு செய்யும் தப்புக்காரருக்கும் கலைஞர் என்ற உரிமை உண்டு. அவரிடமும் கேளுங்கள், கூலியும் கொடுங்கள்.

இலவச இசை தேடுவோர், படைத்தவரே சில நிபந்தனையோடு பாவிக்க விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் எழுத்துகளைப் பார்க்க வேண்டும். என்.டி. (தழுவல் கூடாது) என்றிருந்தால் வீடியோவோடு சேர்க்கவே முடியாது, படத்தோடு இசையைப் பொருத்துவதையே அது தழுவலாகத்தான் கணக்கெடுக்கிறது. என்.சி. (வணிகத்துக்கு இல்லை) என்றால் வருமானம் பார்க்கிற வேலைக்கு ஆகாது.

அப்புறம் கோயில் ஒலிபெருக்கி. திருவிழாவில் நீங்கள் பேட்டி எடுக்க, பின்னால் சினிமாப் பாட்டு ஓடும், பாட்டைத் தானாகவே கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி முறை அதையும் பிடிக்கும். பாட்டுப் போடுவதற்கு முன்பே, காலையிலேயே பேட்டியை முடித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும், பாட்டு தன்னுடையது என்று யாராவது யூடியூபில் உரிமை கோரும் கிளெய்ம் வந்தால், கையொப்பமிட்ட தாளை வைத்து ஆட்சேபியுங்கள். கிளெய்ம் போட்டவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. ஆகவே வெளியீட்டு விழாவுக்கு முதல்நாள் இரவு ஏற்றாமல், ஒரு மாதம் முன்பே பிரைவேட்டாக ஏற்றிப் பாருங்கள்.