ஒரு கோழி லெக் பீஸை வச்சு உடம்போட நாலு திசுவையும் படிக்கிறது எப்படி

ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைங்க கிட்ட திசுன்னா என்னன்னு கேட்டுப் பாருங்க, ஒரே மாதிரி செல்லுங்க கூட்டமா சேர்ந்து ஒரு வேலையைச் செய்றதுன்னு டக்குனு சொல்லிருவாங்க, எபிதீலியம் (அதாவது மேல்படலத் திசு), இணைப்பு, தசை, நரம்புன்னு நாலு பேரையும் ஒப்பிச்சிருவாங்க. சரி கண்ணு, உன் கையில நரம்பு எங்க இருக்கு காட்டுன்னு சொன்னா மணிக்கட்டுல நீலமா ஓடுற ரத்தக்குழாயைக் காட்டி "இதான் மிஸ்" அப்படிங்கும். பத்து வருஷமா டியூஷன் எடுக்குறேன், இந்தப் பதில் வராத வருஷமே இல்ல. பிள்ளைங்க மேல தப்பே கிடையாது. நாம பேசுறதே அப்படித்தானே, ரத்தம் எடுக்கப் போனா "நரம்பு கிடைக்கல"ங்கிறோம், குளுக்கோஸ் ஏத்தினா நரம்பு ஊசிங்கிறோம், குதிகாலுக்குப் பின்னாடி கயிறு மாதிரி இருக்கிறதையும் நரம்புங்கிறோம். முதல் ரெண்டும் ரத்தக்குழாய், மூணாவது தசையை எலும்போட கட்டுற தசைநாண், இதுல ஒண்ணு கூட நரம்பு இல்ல.

அதனால நான் இப்போ இந்தப் பாடத்தைப் புக்ல ஆரம்பிக்கிறதே இல்ல, கோழிக்கடையில இருந்துதான் ஆரம்பிக்கிறேன். கோழியோட திசுவும் நம்ம திசுவும் அடிப்படையில ஒரே நாலு வகைதான். இதுக்கு மைக்ராஸ்கோப் கூட வேண்டாம். பிரான்ஸ்ல சேவியர் பிஷான்னு ஒரு டாக்டர் இருந்தார், 1771ல பிறந்தவர், அவர் மைக்ராஸ்கோப்பை நம்பாம உடம்பை அறுத்து, வேகவச்சு, காய வச்சு, ஆசிட்ல ஊறப்போட்டுப் பார்த்து 21 வகைத் திசு இருக்குன்னு எழுதினார். 1802ல செத்தப்போ வயசு 30தான். அந்த 21 பின்னாடி நாலு பெரிய குடும்பமா சுருங்கிச்சு. அறுக்கிறது, வேகவைக்கிறது, ஊறப்போடுறது, இதெல்லாம் நம்ம அடுப்படியிலயே நடக்கிற வேலைதானே.

கடையில "அண்ணே, தோல் உரிக்காம, வெட்டாம, தொடையோட முழு லெக் ஒண்ணு குடுங்க"ன்னு கேளுங்க, கூட நகத்தோட கோழிப்பாதம் ரெண்டு. வீட்ல ஒரு எவர்சில்வர் தட்டு, சின்னக் கத்தி, கத்தரி, வெள்ளை வினிகர் ஒரு பாட்டில் போதும். பச்சைக்கறியைத் தொட்ட கையை சோப்பு போட்டு நல்லா கழுவணும், கத்தி பிள்ளைங்க கையில இருந்தா பெரியவங்க பக்கத்துலயே உக்காரணும்.

முதல்ல தோலைப் பிடிச்சு மெதுவா இழுங்க, வெட்டாதீங்க. தோலுக்கும் கறிக்கும் நடுவுல சிலந்தி வலை மாதிரி, ஈரமா, கண்ணாடி மாதிரி ஒரு படலம் நீண்டுக்கிட்டு வரும் பாருங்க, அது தளர்வான இணைப்புத் திசு. அங்கங்க மஞ்சளா ஒட்டியிருக்கிறது கொழுப்புத் திசு, அதுவும் இணைப்புத் திசு குடும்பம்தான், சாப்பாட்டைச் சேமிச்சு வைக்கிறதும் சூடு போகாம காக்கிறதும் அதோட வேலை. அப்போ எபிதீலியம் எங்கன்னா தோலோட மேல்பக்கம் மட்டும், ரொம்ப மெல்லிசு. கையில தோல்னு பிடிச்சிருக்கிறதுல பெரும்பகுதி அடியில இருக்கிற இணைப்புத் திசுதான்.

இதை நம்ம உடம்புல புரிஞ்சுக்க மருதாணியும் பச்சைகுத்துறதும் போதும். மருதாணி தோலோட மேல்படலத்துல மட்டும் ஏறுது, அந்த எபிதீலியச் செல்லுங்க அடியில புதுசு பிறந்து மேல பழசு உதிர்ந்துக்கிட்டே இருக்கும், அதனால ரெண்டு மூணு வாரத்துல சாயம் போயிரும். பச்சைகுத்துற ஊசி அதைத் தாண்டி கீழ இருக்கிற இணைப்புத் திசுவுக்குள்ள மையை வைக்குது, அங்க அப்படி உதிர்றது கிடையாது, அதான் பாட்டி கையில பச்சை அம்பது வருஷம் நிக்குது. இன்னொண்ணு, எபிதீலியத்துக்குள்ள ரத்தக்குழாயே கிடையாது, சாப்பாடு கீழ இருந்து கசிஞ்சுதான் வரும். புதுச்செருப்பு கடிச்சு கொப்புளம் வந்தா தண்ணி மட்டும் இருக்கு, பெரும்பாலும் ரத்தம் இல்ல, ஏன்னா பிரிஞ்சு வந்தது மேல்படலம் மட்டும்.

எபிதீலியம்னா தோல் மட்டும்னு நினைச்சிராதீங்க, உடம்புல எந்தக் குழாய், எந்தப் பை எடுத்தாலும் உள்பக்கத்துக்கு மெழுகுன மாதிரி இருக்கிறது அதுதான். நுரையீரலோட காத்துப்பையில ஒரே அடுக்கு, தட்டையா, காத்து ஈசியா கடக்கணும்ல. குடல்ல தூண் மாதிரி உயரமா நிக்கும், சத்தை உறிஞ்சுறதுக்கு, அங்க தேய்மானம் ஜாஸ்தி, ஒரு வாரத்துக்குள்ள அந்தப் படலமே புதுசா மாறிரும். மூச்சுக்குழாய்ல மேல சின்னச் சின்ன இழை அசைஞ்சு தூசியைச் சளியோட மேல தள்ளும். வாயில, தொண்டையில, உரசல் அதிகம்கிறதால பல அடுக்கு. இடத்துக்கு என்ன வேலையோ அதுக்கேத்த வடிவம், இதைப் புரிஞ்சுக்கிட்டா தட்டை, கனசதுரம், தூண்னு மனப்பாடம் பண்ண வேண்டிய வேலை பாதி போயிரும்.

அடுத்து கறி. தோல் போனதும் கத்தியைக் கீழ வச்சிருங்க, கட்டைவிரலை மட்டும் வச்சு கறியைப் பிரிங்க, ஒவ்வொரு தசையும் தனித்தனி உறைக்குள்ள இருக்கிறதால தானா பிரிஞ்சு வரும். எலும்போட ஒட்டி, நாம நினைச்சா அசையுற வரித்தசை இது. நார் நாரா இருக்கிறதைக் கண்ணாலயே பார்க்கலாம். தொடைக்கறி சிவப்பாவும் நெஞ்சுக்கறி வெளுப்பாவும் இருக்கே, ஏன்னு கேட்காத பிள்ளையே இல்ல. நாள் முழுக்க நின்னு நடந்து உழைக்கிற தசைக்கு ஆக்சிஜன் சேமிச்சு வைக்கிற மயோகுளோபின் நிறைய வேணும், அதோட நிறம்தான் அது. தசையில மத்த ரெண்டு வகை லெக் பீஸ்ல தனியா காட்ட முடியாது. வரியற்ற தசை குடல், ரத்தக்குழாய், கர்ப்பப்பைச் சுவர்ல இருக்கு, நம்ம பேச்சைக் கேக்காம மெதுவா சுருங்கி விரியும், ஆட்டுக்குடல் கழுவுறப்போ கையில தட்டுற அந்தத் தடிச்ச சுவர்ல பெரும்பகுதி அதுதான். இதயத்தசை இதயத்துல மட்டும், வரியும் உண்டு, ஆனா நாம சொல்லி நிக்காது. நிமிஷத்துக்கு 72 துடிப்புன்னு வச்சா ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தாண்டிருது.

இப்போதான் நான் ரொம்ப ஆசையா காட்டுற இடம். தொடையோட பின்பக்கம் ரெண்டு தசையை விலக்கினா நடுவுல வெள்ளையா ஒரு நூல் ஓடும், பக்கத்துலயே கருஞ்சிவப்பா ஒரு ரத்தக்குழாய். அந்த வெள்ளை நூல்தான் நரம்பு, நிஜமான நரம்பு. அவசரப்படாம நுனிவிரல்ல தூக்கிப் பாருங்க. இப்போ கால் கீழ்ப்பக்கம் தசை எலும்போட சேர்ற இடத்துல இருக்கிற தசைநாணைப் பாருங்க, அதுவும் வெள்ளைதான், ஆனா வெள்ளி மாதிரி மின்னும், விறைப்பா இருக்கும், ஒரு முனை கறிக்குள்ள இன்னொரு முனை எலும்புல. நரம்பு மின்னாது, கொஞ்சம் பூப்போல இருக்கும், போகப் போகக் கிளை விட்டுக்கிட்டே தசைக்குள்ள காணாம போகும். ரத்தக்குழாய் உள்ள ஓட்டையா இருக்கும். மூணையும் பக்கத்துல பக்கத்துல தட்டுல வச்சிட்டா, நரம்புங்கிற ஒரே சொல்லுல நாம போட்டு அடைச்ச மூணு பொருளும் பிரிஞ்சு வந்துரும். போன வருஷம் ஒரு பொண்ணு அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டே "எங்க தாத்தாவுக்கு சுகர்ல கால் மரத்துப்போனது இதனாலயா மிஸ்"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மா, ரொம்ப நாள் சர்க்கரை கூடவே இருந்தா பாதத்துக்குப் போற இந்த நூல்தான் கெடுது, முள் குத்தினாலும் தெரியாது, அதான் தாத்தா தினமும் பாதத்தைப் பார்க்கணும்னு சொன்னேன்.

கோழிப்பாதத்தை எடுத்து வெட்டுன இடத்துல துருத்திக்கிட்டு இருக்கிற வெள்ளைக் கயிறை இழுத்தா விரல் மடங்கும், வேறொண்ணை இழுத்தா நிமிரும். தசை மேல இருக்கு, விரல் கீழ அசையுது, நடுவுல இழுக்கிறது தசைநாண். உங்க கையிலயும் பாருங்க, கட்டைவிரலும் சுண்டுவிரலும் முட்டுற மாதிரி வச்சு மணிக்கட்டை லேசா மடக்கினா நடுவுல ஒரு கயிறு எழும்பும், சிலருக்கு அது பிறவியிலயே இருக்காது, பயப்பட வேண்டாம்.

மூட்டைத் திறந்தா எலும்பு முனையில முத்து மாதிரி வழுவழுன்னு இருக்கிறது குருத்தெலும்பு, எலும்புக்கும் எலும்புக்கும் கட்டு போட்டிருக்கிற பட்டை தசைநார். குருத்தெலும்புல ரத்தக்குழாய் கிடையாது, அதனால அடிபட்டா ஆறுறது ரொம்பக் கஷ்டம், முழங்கால் தேய்ஞ்சா திரும்ப வளர மாட்டேங்குதுங்கிறது இதனாலதான். காதுமடலைத் தடவிப் பாருங்க, மேல விறைப்பா இருக்கிறது குருத்தெலும்பு, கீழ தொங்குற சோணையில அது கிடையாது, வெறும் கொழுப்பும் இணைப்புத் திசுவும்தான். குழந்தைக்குக் காது குத்துறது சோணையில, சீக்கிரம் ஆறிரும். ஃபேஷனுக்கு மேல குத்துனா ஆற மாசக்கணக்குல ஆகும், சீழ் பிடிச்சா சிக்கல் பெருசு. எலும்பு நேர்மாறு, உள்ள ரத்த ஓட்டம் நல்லா இருக்கிறதால ஒழுங்கா கட்டு போட்டா கூடிரும். வெளிநரம்பு அறுந்து தைச்சா ஒரு நாளைக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், மூளையிலயும் தண்டுவடத்துலயும் அந்த அளவு கூட எதிர்பார்க்க முடியாது. எந்தத் திசுல அடின்னு தெரிஞ்சாதான் எத்தனை நாள் பொறுக்கணும்னு தெரியும், இந்தப் பாடத்தை நான் இவ்வளவு பிடிவாதமா நடத்துறது அதுக்காகத்தான்.

எலும்பை உடைச்சா உள்ள சிவப்பா மஜ்ஜை, ரத்த செல்லு உருவாகிற இடம். ரத்தமும் இணைப்புத் திசுதான்னு சொன்னா பிள்ளைங்க முழிக்கும். இணைப்புத் திசுவுல செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, நடுவுல ஒரு நிரப்புப் பொருள்ல பதிஞ்சு கிடக்கும், எலும்புல அது கல்லு மாதிரி, குருத்தெலும்புல ரப்பர் மாதிரி, ரத்தத்துல தண்ணியா பிளாஸ்மா. பாயசத்துல சேமியா மிதக்கிறதும் கேசரியில முந்திரி பதிஞ்சிருக்கிறதும் மாதிரி வச்சுக்கோங்க.

கடைசியா ரெண்டு வேலை. அந்தப் பாதத்தை ரெண்டு மணி நேரம் சிறுதீயில வேகவச்சு வடிகட்டி ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வைங்க, காலையில ஜெல்லி மாதிரி ஆடும். தோல், தசைநாண், குருத்தெலும்பு எல்லாத்துலயும் இருந்த கொலாஜன்ங்கிற நார்ப்புரதம் சூட்டுல ஜெலட்டினா மாறி இறங்கியிருக்கு, ஆட்டுக்கால் சூப் ஆறினா கெட்டியாகுறதும் இதேதான். இன்னொரு பக்கம் கறி எடுத்த எலும்பைச் சுத்தமா வழிச்சு வினிகர் பாட்டில்ல முக்கி, மூடியை இறுக்காம வைங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் வினிகரை மாத்துங்க. சின்னக் குமிழி வரும். அஞ்சாறு நாள் கழிச்சு எடுத்துக் கழுவி ரெண்டு முனையையும் பிடிச்சு அமுக்கினா எலும்பு ஒடியாது, வளையும், கால்சியம் உப்பு கரைஞ்சு போய் கொலாஜன் மட்டும் மிச்சம். வளையலைன்னா இன்னும் ரெண்டு நாள் ஊறட்டும், பருத்த எலும்புக்கு அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்.