பாக்டீரியா டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்கும் இடம்: எங்கே தவறுகிறோம்?

‘ஹெலிகேஸ் வந்து இழைகளைப் பிரிக்கும், பாலிமரேஸ் நகலெடுக்கும்.’ தொடக்கத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வருகிறது. நகலெடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இது சரி, தொடக்கத்துக்குப் பொருந்தாது.

குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். அதன் வட்டக் குரோமோசோமில் சுமார் 46 லட்சம் கார இணைகள் (இரட்டை இழையில் எதிரெதிரே சேரும் டிஎன்ஏ ‘எழுத்து’ ஜோடிகள்). நகலெடுப்பு தொடங்குவதோ ‘ஓரி-சி’ என்ற, ஏறத்தாழ 245 கார இணைகள் மட்டுமே கொண்ட துண்டில். அங்கே முதலில் வந்து உட்காருவது டிஎன்ஏ-ஏ என்ற புரதம். ஒன்பது காரங்கள் கொண்ட குறிப்பிட்ட வரிசைகளைப் பிடித்துக்கொண்டு இந்தப் புரதங்கள் கூட்டமாகச் சேரும். அவை டிஎன்ஏவை முறுக்கும்போது, அடினைன், தைமின் என்ற காரங்கள் மிகுந்த பக்கத்துப் பகுதி திறந்துகொள்ளும். ஹெலிகேஸ் ஒரு வளையம். அது ஒற்றை இழையைச் சுற்றித்தான் மாட்ட முடியும். இழை ஏற்கெனவே பிரிந்திருந்தால்தானே மாட்டுவது? ஹெலிகேஸையும் டிஎன்ஏ-சி என்ற இன்னொரு புரதம்தான் கொண்டுவந்து ஏற்றுகிறது. ஒன்றல்ல, இரண்டு ஹெலிகேஸ்கள். அதனால்தான் நகலெடுப்பு இரு திசையிலும் போகிறது.

அடுத்தது ஏடிபி, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு. அது உடைந்து தரும் ஆற்றலில்தான் டிஎன்ஏ-ஏ இழையைத் திறக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். திறக்க ஏடிபி ஒட்டியிருந்தாலே போதும். உடைவது பிற்பாடு, அதுவும் டிஎன்ஏ-ஏவைச் செயலிழக்கச் செய்ய. அதே இடத்தில் உடனே மறுபடி தொடங்காமல் தடுக்க இன்னொரு வழியும் உண்டு. பழைய இழையில் மெத்தில் என்ற வேதிக் குறி இருக்கும், புது இழையில் இன்னும் ஏறியிருக்காது. இந்த அரைகுறை நிலையைக் கண்டு செக்-ஏ என்ற புரதம் ஓரி-சியைக் கொஞ்ச நேரம் மூடிவைக்கும்.

பாலிமரேஸைப் பொறுத்தவரை இரண்டு திருத்தங்கள். பாலிமரேஸால் வெறும் இழையில் புதிதாகத் தொடங்க முடியாது. பிரைமேஸ் என்ற நொதி போடும் சிறு ஆர்என்ஏ துண்டு வேண்டும். அப்புறம், முக்கிய வேலையாள் பாலிமரேஸ் 1 அல்ல, 3. உயிர்வேதியியலாளர் ஆர்தர் கோர்ன்பெர்க் 1956-இல் முதலில் கண்டுபிடித்தது 1 என்பதால் பெயர் அதற்குப் போய்விட்டது. அதன் செயல்பாடு ஏறக்குறைய இல்லாமலேயே வழக்கம்போல் வளரும் ஈ. கோலையை ஆய்வாளர்கள் டி லூசியாவும் கெய்ர்ன்ஸும் 1969-இல் காட்டினார்கள்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது நேரக் கணக்கு. இழைகள் பிரிந்து நகலாகிக்கொண்டே நகரும் முனைக்குக் ‘கவை’ என்று பெயர். ஒரு கவை நொடிக்குச் சுமார் 1,000 காரங்கள் நகலெடுக்கும். இரண்டு கவைகள் ஆளுக்குப் பாதி என்றாலும் 40 நிமிடம் ஆகிவிடும். முடித்தபின் செல் பிரிய மேலும் 20 நிமிடம். ஆனால் நல்ல ஊட்டம் கிடைத்தால் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிகிறது! கவைகள் வேகமெடுக்கின்றன என்று நினைப்பது தவறு. முதல் சுற்று முடியுமுன்பே, நகலான ஓரி-சிகளில் அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. பிறக்கும் செல்லுக்குக் கிடைப்பதே பாதி நகலான டிஎன்ஏதான். வேகத்தைத் தீர்மானிப்பது எத்தனை முறை நகலெடுப்பு தொடங்குகிறது என்பது.

கடைசியாக, ஈ. கோலையில் படித்ததை எல்லா பாக்டீரியாவுக்கும் அப்படியே ஒட்டவைக்க வேண்டாம். டிஎன்ஏ-ஏ பரவலாக உண்டு, மற்றவை மாறும். ஈ. கோலையின் ஹெலிகேஸ் டிஎன்ஏ-பி. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவில் ஹெலிகேஸுக்கே டிஎன்ஏ-சி என்று பெயர். ஏற்றிவிடும் புரதம் அங்கே டிஎன்ஏ-ஐ. செக்-ஏ கிடையவே கிடையாது.