பெரியவர் காலமான பின் குடும்ப நிலத்தைப் பாகம் பிரிப்பது எப்படி

ஊருக்கே பஞ்சாயத்து சொன்ன பெரியவரின் வீட்டில், அவர் போன மூன்றாம் வருடம் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போவது கடலூர் பக்கம் அடிக்கடி நடக்கிறது. நிலத்தின் கணக்கு முழுவதும் அவர் தலைக்குள்ளேயே இருந்ததுதான் பெரும்பாலும் காரணம். எந்தச் சர்வே எண் பாட்டன் சொத்து, எதை அவர் கிரயம் வாங்கினார், எதை மைத்துனர் பெயரில் எழுதி வைத்தார் என்று வேறு யாருக்கும் தெரியாது. ஆகவே பிரிக்கும் வேலையை அளவு நாடாவிலிருந்து தொடங்காதீர்கள். காகிதத்திலிருந்து தொடங்குங்கள்.

கிராமத்தில் இறப்பு நேர்ந்தால் 21 நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் பதிந்து இறப்புச் சான்று வாங்க வேண்டும். பிறகு இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு மனு போடுங்கள். அது தாசில்தார் பெயரில் வரும். மனுவில் மகள்கள் பெயரை விடாதீர்கள். மூத்த மகன் முன்பே இறந்திருந்தால் அவர் மனைவி, பிள்ளைகள் பெயரும் சேர வேண்டும். இதில் ஒரு பெயர் விடுபட்டால் அதன்மேல் எழுதும் பாகப்பத்திரம் பின்னால் நீதிமன்றத்தில் நிற்காது. ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் தகப்பனார் பெயருடன் வேறு எழுத்து என்று இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பெரியவரின் டிரங்குப் பெட்டி. அதைத் திறக்கும்போது பங்குதாரர்கள் எல்லோரும் கூட இருக்கட்டும். மூலப்பத்திரம், பழைய கூர்சீட்டு (பதியாமல் எழுதிக்கொண்ட பாகப் பட்டியல்), அடமானம் தீர்த்த ரசீது, கிஸ்தி (நிலவரி) ரசீது என்று ஒவ்வொன்றையும் எடுத்து, ஒரு நோட்டில் வருடம், ஆவண எண், சர்வே எண் எழுதி, எல்லோரும் அடியில் கையெழுத்துப் போடுங்கள். மடிப்பில் கிழிந்திருக்கிறது என்று பழைய பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். அந்தச் சூட்டில் முத்திரை மையும் பழைய எழுத்தும் மங்கிவிடும். பிளாஸ்டிக் உறையில் வைத்தாலே போதும்.

பெட்டியில் கிடைத்ததை அரசுப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பட்டா, அ-பதிவேடு (சர்வே எண் வாரியாகப் பரப்பும் உரிமையாளர் பெயரும் உள்ள கிராமப் பதிவேடு), புல வரைபடம் மூன்றும் இணையத்தில் கிடைக்கும். வில்லங்கச் சான்று ஒரு குறிப்பிட்ட வருடத்திலிருந்துதான் இணையத்தில் வரும். அதற்கு முந்தைய காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலப்பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்தில் பெயரும் பரப்பும் மாறிப்போன புலங்கள் நிறைய. அனுபவம் உங்களிடம், பட்டா அடுத்தவர் பெயரில் என்று இருந்தால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் திருத்த மனு போட்டு, அது முடிந்த பிறகு பிரியுங்கள். தவறான பட்டாவின் மேல் பாகம் எழுதினால் ஒரு பங்குக்காரர் தலையில் மட்டும் அந்த வழக்கு விழும்.

பெரிய பண்ணைக் குடும்பம் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நில உச்சவரம்பு 1961 சட்டத்தில் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கராக (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) இருந்து, 1970 திருத்தத்தில் 15 ஆனது. அந்தக் காலத்தில் உறவினர், வேலையாள் பெயரில் எழுதி வைத்த நிலங்கள் இன்றைக்கு அவர்கள் வாரிசுகளின் சொத்து. அதை உங்கள் பங்குப் பட்டியலில் சேர்த்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். அதேபோல, நிலத்தில் பதிவான குத்தகைதாரர் இருந்தால் பாகம் பிரிப்பதால் அவர் உரிமை போகாது. எந்தப் பங்கில் அவர் வருகிறார் என்று பார்த்து அந்தப் பங்கின் மதிப்பைக் குறையுங்கள்.

இப்போது முக்கியமான கணக்கு. சொத்து பூர்வீகமா, சுயார்ஜிதமா (பெரியவர் தானே சம்பாதித்ததா) என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். இந்துக் குடும்பம் ஒன்றை வைத்துப் பார்ப்போம். பெரியவர், மனைவி, இரண்டு மகன், ஒரு மகள், நிலம் 12 ஏக்கர், உயில் இல்லை. சுயார்ஜிதம் என்றால் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு 3 ஏக்கர். பூர்வீகம் என்றால் முதலில் பெரியவர், இரண்டு மகன், மகள் என்று நாலு பங்காக 3 ஏக்கர் வீதம் ஒதுக்க வேண்டும். பிறகு பெரியவரின் 3 ஏக்கரை மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் முக்கால் ஏக்கராகப் பிரிக்க வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் மூன்றே முக்கால், தாய்க்கு முக்கால் ஏக்கர். பெரியவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

"பொண்ணுக்குத்தான் நகை போட்டு சீர் செஞ்சாச்சே" என்ற பேச்சு இங்கேதான் வரும். சட்டத்தில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் 25-3-1989 அன்று மணமாகாமல் இருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு வந்தது. 9-9-2005 முதல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. 20-12-2004க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை இது தொடாது. மகள் தானாக விட்டுக்கொடுக்க நினைத்தால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியலாம். ஆனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த தங்கையிடம் வெற்று முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்குவது அசிங்கம். அதுதான் பிறகு வழக்காகவும் வருகிறது. அவர் மனமார எழுதுவதாக இருந்தாலும் ஒரு மாதம் கழித்து, என்ன எழுதுகிறார் என்று வாசித்துக் காட்டி, பணம் கொடுப்பதாக இருந்தால் வங்கி வழியாகக் கொடுத்து, அந்தத் தொகையைப் பத்திரத்திலேயே போடுங்கள்.

பழைய பத்திரங்களின் அளவில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. காணி என்றால் 57,600 சதுர அடி, அதாவது 1 ஏக்கர் 32 சென்ட். இதில் குழப்பம் இல்லை. குழியில்தான் ஏமாறுகிறோம். புதுச்சேரி பக்கக் கணக்கில் குழி 24 அடிக் கோலால் 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி. டெல்டா வழக்கில் குழி 12 அடிக் கோலால் 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 4 மா ஒரு காணி. பத்திரத்தில் "காணி 2, குழி 40" என்று இருந்தால் முதல் கணக்கில் சுமார் 3 ஏக்கர் 17 சென்ட், இரண்டாவதில் 2 ஏக்கர் 78 சென்ட். அந்த 40 குழியில் மட்டும் ஏறக்குறைய 40 சென்ட் வித்தியாசம். எல்லாவற்றையும் பட்டாவில் உள்ள ஹெக்டேர், ஏர் அளவுக்கு மாற்றி எழுதுங்கள். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட்.

நில அளவரை வைத்து அளக்கும்போது முதலில் கல்லைத் தேடுங்கள். வரப்பை ஆண்டுதோறும் அண்டை வெட்டி வெட்டியே ஒரு முழம் நகர்ந்திருக்கும். வரப்பை எல்லையாக நம்பினால் அளவு வராது. புல வரைபடத்தில் கல் இருக்கும் மூலையில் கடப்பாரையால் மெதுவாகக் குத்திப் பாருங்கள். மண் மூடி ஓரடி ஆழத்தில் கிடக்கலாம். இரண்டு கல் கிடைத்துவிட்டால் மற்றதை வரைபட அளவிலிருந்து கொண்டுவரலாம்.

பரப்பு சமம் என்றால் பங்கு சமம் என்று நினைக்க வேண்டாம். வீராணம் ஆயக்கட்டில் மேல்மடை ஒரு ஏக்கரும் கடைமடை ஒரு ஏக்கரும் ஒன்றாகாது. பண்ருட்டிச் செம்மண்ணில் பலா, முந்திரி மரங்களை எண்ண வேண்டும், வயதையும் குறிக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயல் இந்தத் தோப்புகளைச் சாய்த்துவிட்டது. அதற்கு முன் பெரியவர் எழுதிவைத்த மரக்கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். ரோட்டு முகப்பு, போர்வெல், இலவச மின் இணைப்பு, களம், மாட்டுக்கொட்டகை ஒவ்வொன்றுக்கும் ஊர் விலை போட்டு, கூடுதல் மதிப்புள்ள பங்குக்காரர் ரொக்கமாக ஈடு கொடுக்கட்டும். கூறு போடுபவர் கடைசியாகத் தன் பங்கை எடுப்பது என்று வைத்துக்கொண்டால் கூறு நியாயமாக விழும். ஒத்துவராவிட்டால் சீட்டுக் குலுக்குங்கள்.

கிணறு, வண்டிப்பாதை, வாய்க்கால் மூன்றும் பத்திரத்தில் தனிப் பத்தியாக வர வேண்டும். "வழக்கப்படி" என்று எழுதுவதுதான் எல்லாச் சண்டைக்கும் வித்து. இன்னாருக்குத் திங்கள், செவ்வாய் தண்ணீர் முறை, மோட்டார் பழுதுச் செலவு எத்தனை பாகம், பாதை 12 அடி அகலம் எந்த வரப்பை ஒட்டி என்று எழுதுங்கள். தாய்க்கு அவர் பங்கைத் தனியாக ஒதுக்குவதோடு, குடியிருக்கும் வீட்டில் ஆயுள் வரை வசிக்கும் உரிமையையும் சேருங்கள். குலதெய்வப் படையலுக்கென்று பெரியவர் விட்டுவைத்த நிலத்தைத் துண்டு போடாமல் பொதுவில் விட்டு, யார் எந்த வருடம் நடத்துவது என்று குறித்துவிடுங்கள்.

பத்திரத்தில் பங்குக்கு ஒரு தபசில் (சொத்து விவரப் பட்டியல்) வரும். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு பக்கச் செக்குபந்தி (எல்லை விவரம்), மரம், கட்டிடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். குடும்பத்தாருக்குள் பாகப்பிரிவினை என்றால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், பங்குக்கு உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், பங்குக்கு உச்சம் 10,000 ரூபாய். இது 2023 ஜூலையில் ஏற்றிய அளவு. பதியும் நாளில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் செலவுக்குப் பயந்து பதிவில்லாத கூர்சீட்டோடு நிறுத்தினால் கூட்டுப்பட்டா அப்படியே நிற்கும். பயிர்க்கடன், இழப்பீடு, விற்பனை ஒவ்வொன்றுக்கும் எல்லோர் கையெழுத்தும் தேவைப்படும்.

புதுச்சேரி, பாகூர் பக்கம் நிலம் இருந்தால் அதற்குத் தனிப் பத்திரம் அங்கே பதியுங்கள். நம் ஊர்களும் அவர்கள் ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று கிடப்பதால் ஒரே குடும்பத்துக்கு இரு பக்கமும் வயல் இருப்பது சகஜம். ஒரு பத்திரத்தில் மற்றதைக் குறிப்பிட்டுவிடுங்கள். அங்கே கடாஸ்டர் எண் (பிரெஞ்சுக் கால அளவை எண்), ஆர்.எஸ். எண் (மறு அளவை எண்) இரண்டும் தபசிலில் வர வேண்டும். பட்டா விவரத்தைப் புதுச்சேரி அரசின் நிலமகள் இணையதளத்தில் பார்க்கலாம். பெரியவரின் முன்னோர் 1881 ஆணைப்படி ரெனோன்சான் (தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள்) ஆனவர்கள் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. மேலே சொன்ன பங்குக் கணக்கை வைக்காமல், பிரெஞ்சுச் சட்டம் தெரிந்த புதுச்சேரி வழக்கறிஞரிடம் போங்கள்.

பதிந்ததும் உட்பிரிவு கேட்டுப் பட்டா மாற்றத்துக்கு மனு செய்யுங்கள். 145/2 என்ற புலம் 145/2ஏ, 2பி, 2சி என்று பிரிந்து தனிப்பட்டா கையில் வரும்வரை வேலை முடியவில்லை. நில அளவர் வரும் நாளில் எல்லாப் பங்குக்காரரும் வயலில் நின்று, அன்றைக்கே கல் நட்டுவிடுங்கள். மின் இணைப்பு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, கரும்பு ஆலைப் பதிவு ஆகியவற்றில் பெயர் மாற்றம் அடுத்த போகத்துக்கு முன் முடியட்டும். அசல் பாகப்பத்திரத்தை மூத்தவர் மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் வேண்டாம். பதியும் நாளிலேயே ஆளுக்கொரு டூப்ளிகேட் போட்டுப் பதிந்து, மூலப்பத்திரங்கள் யாரிடம் இருக்கின்றன, மற்றவர் கேட்டால் எடுத்துக்காட்ட வேண்டும் என்பதையும் அதிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.