பழைய மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

ஹொண்டா சிடி 200, சிடி 125, பிஎஸ்ஏ, வெஸ்பா என்று பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பலர் காப்புறுதிச் செலவைக் குறைக்க வண்டியின் பெறுமதியைக் குறைத்து எழுதுகிறார்கள். கட்டணம் குறையும்தான், ஆனால் கிளைம் வரும்போது அடி விழும். சந்தையில் 10 இலட்சம் பெறுமதியான வண்டியை 6 இலட்சத்துக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று வைப்போம். 2 இலட்சம் ரூபாய்ச் சேதம் வந்தால், பாலிசியில் சராசரி நிபந்தனை (குறைத்து எழுதிய அதே விகிதத்தில் நட்டஈட்டையும் குறைக்கும் விதி) இருந்தால் 120,000 மட்டுமே கணக்கில் வரும். அதிலிருந்தும் எக்செஸ், அதாவது ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை, கழியும். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளின் விலை நன்றாக ஏறியது. அதற்கு முன் எழுதிய தொகையிலேயே ஆண்டுதோறும் புதுப்பித்து வருபவர்கள் இந்தப் பொறியில் தெரியாமலே நிற்கிறார்கள்.

கூட்டி எழுதுவதாலும் பயனில்லை. சாதாரண பாலிசியில் அன்றைய சந்தை விலைக்கு மேல் தரமாட்டார்கள், கூடுதலாகக் கட்டிய காசு வீண். சரியான வழி ஒருமுறை மதிப்பீட்டு அறிக்கை எடுப்பது. எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம், மீற்றர், நான்கு பக்கப் படங்கள், புதுப்பித்த வேலைக்கான பில்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து, ஒப்புக்கொண்ட பெறுமதியை பாலிசியிலேயே எழுத முடியுமா என்று கேளுங்கள். வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வேண்டும்.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்கும்போது பில் கேட்க மறக்க வேண்டாம். பில் இல்லாத பாகத்துக்கு நட்டஈடு வாங்குவது மிகவும் கஷ்டம். பழைய வண்டி என்பதால் புதிய பாகத்தின் விலையில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்கச் சொல்வதும் உண்டு. அது எத்தனை வீதம், பாவித்த பாகத்தை ஏற்பார்களா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

உண்மையில் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாமல் இருந்ததற்காகக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு. அடிப்படைக் கட்டணம் 20,000, போனஸ் 40 வீதம் என்றால் நீங்கள் கட்டுவது 12,000. 6,000 ரூபாய் செலவாகும் ஒரு உரசலுக்கு கிளைம் போட்டு அந்தப் போனஸ் பறிபோனால், அடுத்த ஆண்டே 8,000 கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். எக்செஸும் கழியும் என்பதால் கையில் வருவது அந்த 6,000கூட இல்லை. சின்னச் சேதத்தை நீங்களே பாருங்கள். அப்படியானால் எக்செஸ் தொகையை விரும்பிக் கூட்டிக்கொண்டு கட்டணத்தைக் குறைக்கச் சொல்வதும் பொருத்தம். நிறுவனம் மாறும்போது போனஸ் கடிதத்தைப் பழைய நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள்.

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க மூன்றாம் தரப்புக் காப்புறுதி (உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமானது) போதும். எப்போதாவது மட்டும் ஓடும், விலையும் அதிகமில்லாத வண்டிக்கு அது நியாயமான தெரிவு. ஆனால் களவு போனாலோ தீப்பற்றினாலோ அதில் உங்களுக்கு ஒரு சதமும் வராது. தீ, களவு இரண்டையும் மட்டும் சேர்த்துத் தருகிறார்களா என்று விசாரியுங்கள்.

முழுக் காப்புறுதியில் வெட்டக்கூடாதவை இரண்டு. ஒன்று வெள்ளம்: 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகள் மூழ்கின. மற்றது வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதத்துக்கான பாதுகாப்பு. அது தனியாகச் சேர்க்கப்படுவது, 2022 மே 9 அன்று நடந்த வன்முறையில் எரிந்த வாகனங்களை நினைத்தால் அதன் தேவை புரியும்.

புதுப்பிக்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்னரே குறைந்தது நான்கு நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். ஒரே பெறுமதி, ஒரே எக்செஸ், ஒரே மேலதிகப் பாதுகாப்புகளுடன் கேட்டால்தான் ஒப்பிட முடியும். அடிப்படைக் கட்டணத்தைப் பார்க்காமல் வற் வரி சேர்ந்த முழுத் தொகையையே பாருங்கள்.

கடைசியாக, ஆவணம். எஞ்சின் மாற்றிய வண்டிகள் பழைய வண்டிகளில் ஏராளம். சிஆரில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) உள்ள இலக்கமும் எஞ்சினில் உள்ளதும் வேறாக இருந்தால் கிளைம் அங்கேயே நிற்கும். ஓபன் பேப்பரில், அதாவது வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமல், ஓடும் வண்டிக்கும் அதே கதிதான். முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இதைச் சரிசெய்யுங்கள். பாலிசி கையில் வந்த அன்றே பெயர், இரண்டு இலக்கங்கள், எழுதிய தொகை ஆகியவற்றைச் சிஆருடன் வைத்துப் பாருங்கள். ஓர் இலக்கம் பிசகியிருந்தாலும் உடனே திருத்தம் கேளுங்கள்.